பழைய பிரஸ் கேமராவை இன்றும் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்?

1973இல் உற்பத்தி நின்றுபோன ஸ்பீட் கிராஃபிக் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் கேமராவுக்கு இன்னும் ஏன் இவ்வளவு மவுசு என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபிலிம் அளவு ஒரு காரணம். 4x5 அங்குல ஃபிலிம் தாளின் பரப்பு, 35 மி.மீ. ஃபிலிமில் விழும் ஒரு படத்தைப் போல ஏறத்தாழ 15 மடங்கு.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான மயக்கம் அதன் பின்பக்கத் திரை ஷட்டரில்தான்; அதாவது லென்ஸில் இல்லாமல், ஃபிலிமுக்குச் சற்று முன்னால் ஓடி ஒளியை அளந்து விடும் திரை. (இதன் உடன்பிறப்பான கிரவுன் கிராஃபிக் கேமராவில் இது கிடையாது, பார்த்து வாங்குங்கள்.) இது இருப்பதால் ஷட்டரே இல்லாத பழைய லென்ஸையும் மாட்டலாம். விமானத்திலிருந்து படமெடுக்கச் செய்த கோடாக் ஏரோ எக்டார் லென்ஸைப் பொருத்தி, எஃப் 2.5 என்ற அகலத் திறப்பில் ஒரு முகத்தை எடுத்தால் இமைமுடி கூர்மையாக விழும், காது கரைந்துபோகும்.

சரி, தொல்லை? ஃபிலிமை ஒளி படாமல் மூடியிருக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவ மறந்தால் படமே கிடையாது. அப்புறம், வாங்கும்முன் இருட்டறையில் பெல்லோஸுக்குள் (லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) டார்ச் அடித்து ஓட்டை இருக்கிறதா பாருங்கள்.