எண்கோண பேரலுக்கு எந்த சைட்?

கேள்வி: என்னிடம் பழைய வின்செஸ்டர் 1894 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் இருக்கிறது. எண்கோண பேரல். பின் சைட் (குறிபார்க்கும் பாகம்) தொலைந்த இடத்தில் யாரோ புதிதாக ஒன்றைத் தட்டி மாட்டியிருக்கிறார்கள். 50 கஜத்தில் குண்டு 9 அங்குலம் மேலே போகிறது. பழைய மாதிரிக்கே மாற்ற எதை வாங்குவது?
- வாசகர், டெக்சாஸ்

பதில்: '1894-க்குப் பொருந்தும்' என்று போட்டு விற்கும் எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள். இந்த மாடல் ரைஃபிளாகவும் வந்தது, பேரல் குட்டையான கார்பைனாகவும் வந்தது. கார்பைனில் முன் சைட் தகடு, பேரல்மேல் உள்ள மேட்டில் குறுக்கூசியால் நிற்கும். பின்னால் ஏணிபோல நிமிரும் சைட். உங்களுடையது ரைஃபிள். பின் சைட் டவ்டெயில் பள்ளத்தில், அதாவது அடி அகன்று வாய் குறுகிய பள்ளத்தில், குறுக்காகச் செருகுவது, உயரத்தைக் கூட்டிக்குறைக்கப் படிவெட்டிய எலிவேட்டர் தகடு உள்ளது. அதைத் தேடுங்கள். ஏலங்களில் ஏணி சைட்டை ரைஃபிளுக்கும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள், உஷார்.

வாங்குமுன் துப்பாக்கியின் தோட்டா அறை காலியா என்று பார்த்துவிட்டு, மாட்டியிருப்பதைக் கழற்றிப் பள்ளத்தை வெர்னியரால் அளங்கள். பின்னாலிருந்து பார்க்கையில் இடமிருந்து வலமாகத் தட்டினால் வெளியே வரும், வலமிருந்து இடமாகத் தட்டினால் உள்ளே போகும். தட்டுவதற்குப் பித்தளைப் பஞ்ச் (தட்டும் கம்பி)தான், இரும்பு பட்டால் தழும்பு விழும். பழைய வின்செஸ்டர், மார்லின் துப்பாக்கிகளின் பள்ளங்கள் பொதுவாக 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மி.மீ. முன்னால் இருந்தவர் அரம் போட்டிருந்தால் கூடுதலாக இருக்கும். சைட் இறுக்கமாக இருந்தால் சைட்டின் அடியைத்தான் ராவ வேண்டும், பேரலை ஒருபோதும் தொடக்கூடாது. தளர்வாக இருந்தால் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு போதும்.

9 அங்குலக் கோளாறுக்கு வருவோம். குண்டு மேலே போனால் பின் சைட் உயரம் அதிகம், அல்லது முன் சைட் குட்டை. சரியான பின் சைட்டை மாட்டி, எலிவேட்டரைக் கீழ்ப்படியில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் மேலே போனால்தான் முன் சைட். விலகலைச் சைட்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். இடைவெளி 20 அங்குலம், இலக்கு 50 கஜம், அதாவது 1800 அங்குலம் என்றால், 9 × 20 ÷ 1800 = 0.1 அங்குலம். முன் சைட் இப்போது இருப்பதைவிட அவ்வளவு கூடுதல் உயரமாக வேண்டும். பழைய முன் சைட்டை ராவி அழிக்காமல், வேறொன்று வாங்குங்கள்.

கண் பார்வை மங்கியவர்களுக்கு டேங் சைட் நல்லது, அதாவது கட்டைப்பிடியின் கழுத்தில் பின்னோக்கி நீளும் உலோக வாலில் (டேங்) மாட்டும் சைட். லைமன், மார்பிள்ஸ் நிறுவனங்கள் இரண்டுமே இவற்றை மாடல் வாரியாகச் செய்தன. அடித்தகட்டின் துளை இடைவெளியும் வளைவும் உங்கள் துப்பாக்கியின் டேங்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அதில் துளை இல்லையென்றால் புதிதாகத் துளைக்காதீர்கள், சேகரிப்பாளர் விலை அங்கேயே விழுந்துவிடும்.

அசல் என்ன என்பதில் சந்தேகம் இருந்தால், வயோமிங்கின் கோடி நகரிலுள்ள ஆயுத அருங்காட்சியகத்துக்கு துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கொடுத்துத் தொழிற்சாலைக் கடிதம் (பழைய தொழிற்சாலைப் பதிவேட்டு விவரம்) கேளுங்கள். பதிவேடு இருக்கும் எண்ணாக இருந்தால், பேரல் எந்த வகை என்பது போன்ற விவரம் கிடைக்கும். சைட் பற்றிய குறிப்பு எல்லாவற்றிலும் இருக்காது. கழற்றிய புதுச் சைட்டை மட்டும் தூக்கி எறியாதீர்கள், அந்தப் பள்ளத்துக்கு அளவு பார்க்க உதவும்.