எந்த மரக்காலில் அளந்தார்கள்?

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வணிகக் கணிதத்தில் 91 மதிப்பெண். பி.ஏ. பொருளியல் படிக்க ஆசை. அப்பாவோ, “அதைப் படித்தால் வாத்தியார் வேலைதான், பேசாமல் பி.காம். சேர்” என்கிறார். என்ன செய்யட்டும்?
– மாணவி, திருவெண்ணெய்நல்லூர்

பதில்: மகளே, கணக்குக்குப் பயந்து பொருளியலுக்கு ஓடிவந்த பிள்ளைகளைத்தான் முப்பது ஆண்டுகளாக என் வகுப்பில் அதிகம் பார்த்தேன். மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் அவர்களை மறித்ததும் அதே கணக்குதான். நீ 91 மதிப்பெண்ணோடு வருகிறாய். தாராளமாகச் சேர்.

அப்பா சொல்வதும் முழுத் தவறில்லை. பி.ஏ.வோடு நிறுத்திக்கொண்டால், எல்லாப் பட்டதாரிகளும் எழுதுகிற வங்கித் தேர்வும் குரூப் தேர்வும்தான் உனக்கும். பொருளியல் படித்தவர்களுக்கென்றே இருக்கும் வேலைகளுக்கு எம்.ஏ. வேண்டும். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு அப்படிப்பட்டது. வயது 21 முதல் 30 வரை. அதன் முதல் பொருளியல் தாளிலேயே கணிதமும் புள்ளியியலும் உண்டு. ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறையும் முதுகலை படித்தவர்களைத்தான் எடுக்கிறது. எம்.ஏ.வுடன் பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராகலாம். கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேறினால் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். வாத்தியார் வேலையைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

நான் இந்தப் படிப்பில் ஒட்டிக்கொண்டது ஒரு களத்து மேட்டில். எம்.ஏ. படிக்கும்போது கூலிக் கணக்கெடுக்கப் போனேன். நடவும் அறுப்பும் செய்யும் ஓர் அம்மாளிடம், ஒரு நாளைக்கு எத்தனை மரக்கால் நெல் கூலி என்று கேட்டேன். மரக்கால் என்பது நெல் அளக்கும் பாத்திரம். அவர் பதிலுக்கு, “எந்த மரக்காலில் கேட்கிறீர்கள் தம்பி?” என்றார். குத்தகை நெல்லை வாங்கும் மரக்கால் பெரியது, கூலி அளக்கும் மரக்கால் சிறியது என்று இரண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார். என் படிவத்தில் மரக்கால் எண்ணிக்கைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அன்று மாலை உட்கார்ந்து படிவம் முழுவதையும் திருத்தி எழுதினேன்.

இப்படிக் கிராமத்துக்கே போய்க் கணக்கெடுக்கும் வேலையில் உன் ஊருக்குப் பக்கத்து இருவேல்பட்டுக்கும் பெரிய இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைச் சொந்தக் கிராமங்களுக்கே அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் விசாரிக்க வைத்தார். அந்தக் கணக்கெடுப்பு 1918இல் நூலாக வந்தது. அதில் இருவேல்பட்டும் ஒன்று. பின்வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே போயிருக்கிறார்கள்.

கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார். கணிதமும் புள்ளியியலும் தனித்தனித் தாள்களாக உள்ள கல்லூரியை முதல் விருப்பமாக எழுது. கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதே.