செவ்வாயின் தரை எப்படிக் காந்தமானது?

"பாம்பன் படகில் திசைகாட்டி வடக்கைக் காட்டுகிறது. செவ்வாய்க்கு அப்படிப் பொதுவான காந்தப்புலமே இல்லையாம், ஆனால் பாறைகள் மட்டும் காந்தமாமே, எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி.

எரிமலைக் குழம்பிலிருந்து உருவாகும் பாறையில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத் துகள்கள் உண்டு. பாறையின் சூடு சுமார் 580 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, அந்த நேரத்துக் காந்தப்புலத்தின் திசை துகள்களில் பதிந்துவிடும். அப்புறம் புலமே மறைந்தாலும், மறுபடி அவ்வளவு சூடேறாதவரை பதிவு நிற்கும்.

செவ்வாயின் உட்கருவில் சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த புலம் பிறகு அடங்கிவிட்டது. பழைய பாறைகள் அதை இன்னும் வைத்திருக்கின்றன. 1997இல் அங்கே போய்ச் சேர்ந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம்தான் இதைக் கண்டது.

ராமேஸ்வரம் கரையின் பவளப் பாறையில் இதைத் தேட வேண்டாம், அது சுண்ணாம்பு. தக்காணத்து எரிமலைப் பாறையில் தாராளமாகப் பார்க்கலாம்.