அப்பாவின் ஆம்னியை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. அவருடைய 2009 மாருதி ஆம்னி வாசலிலேயே நிற்கிறது. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் அம்மா. தம்பியோ விற்றுப் பணமாகக் கொடுக்கலாம் என்கிறான். அப்பா ஆசையாக வைத்திருந்த வண்டியை விற்பதா என்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வரிச்சலுகை கிடைக்குமா? அவருடைய சக்கர நாற்காலி, ஏர் பெட், துணிமணிகளும் இருக்கின்றன.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் முடிவெடுக்கும் முன் அந்த இல்லத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். வண்டி ஓட்ட ஆள் இருக்கிறாரா, பெட்ரோலுக்கும் வருடா வருடம் இன்சூரன்ஸுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், ஆம்னி அவர்களுக்கு மிகவும் உதவும், எத்தனையோ ஊர்களில் ஆம்புலன்ஸாக ஓடிய வண்டி அது, கதவைப் பக்கவாட்டில் தள்ளித் திறந்து வயதானவர்களை ஏற்றிக்கொள்ளலாம். ஓட்ட ஆளில்லை என்றால் உங்கள் வாசலில் நிற்கும் வண்டி அவர்கள் வாசலில் நிற்கும், அவ்வளவுதான். கொடுப்பதை முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் சங்கடம், அதனால் நீங்களே கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியைப் பாருங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம்தான், 2009 வண்டி என்றால் 2024-லேயே முடிந்திருக்கும். அப்பா புதுப்பித்திருந்தால் நல்லது. இல்லையென்றால் 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய், பழைய வண்டிக்கான பசுமை வரி தனி, ரிப்பேர் செலவும் சேரும். அதை இல்லத்தின் தலையில் கட்டாதீர்கள், கொடுப்பதென்றால் நீங்களே முடித்துக் கொடுங்கள்.

பெயர் மாற்றத்தில் மட்டும் கொஞ்சமும் அசட்டை வேண்டாம். வண்டி இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. இறந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள், தம்பியின் சம்மதத்தையும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். முதலில் அம்மா பெயருக்கு, அதன்பிறகு படிவம் 29, 30 போட்டு இல்லத்தை நடத்தும் அறக்கட்டளை பெயருக்கு. "சாவியைக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நல்ல மனசோடு கொடுத்துவிட்டு அம்மா கோர்ட்டுக்கு அலையக் கூடாது.

வரிச்சலுகை என்றால், பொருளாகக் கொடுப்பதற்கு 80ஜி என்ற வருமான வரிக் கழிவு கிடையாது, பணத்துக்கு மட்டும்தான். அதிலும் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கிடைக்காது. வங்கி வழியாகக் கொடுங்கள், அந்த அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருக்க வேண்டும், நீங்களும் பழைய வரி முறையில் இருக்க வேண்டும். வண்டியின் மதிப்புக்கு ரசீது தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த ரசீது உங்களுக்கு உதவாது.

என்னைக் கேட்டால், ஓட்ட ஆளில்லாத இல்லம் என்றால் தம்பி சொல்வதே சரி. விற்பதால் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பணத்தில் அங்கே சில மாதத்து மருந்தும் மளிகையும் ஓடும் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

உண்மையில் உங்கள் வீட்டில் இருப்பதில் மற்றவர்களுக்கு உடனே தேவைப்படும் பொருள் சக்கர நாற்காலியும் ஏர் பெட்டும்தான். படுத்த படுக்கையாகிப் புண் வந்து கிடப்பவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள், வாங்க வழியில்லாமல். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் செவிலியரிடம் கேளுங்கள், எந்தத் தெருவில் யார் படுத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். ஏர் பெட்டின் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்து, துடைத்துக் காயவைத்துக் கொடுங்கள். பிரிக்காத டயப்பர் பாக்கெட் இருந்தால் அதையும். மீந்த மாத்திரைகளை மட்டும் யாருக்கும் நேரடியாகக் கொடுக்காதீர்கள்.

துணிகளைத் துவைத்து, பொத்தான் வைத்து, வேட்டி சட்டையைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் உதவியாக வந்த பழைய துணிகள் எடுப்பாரில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தன. எல்லாம் இழந்து நின்றவர்களும் கிழிசலைத் தொடவில்லை, ஏன் தொட வேண்டும்? நீங்கள் உடுத்தத் தயங்குவதை மூட்டையில் சேர்க்காதீர்கள்.

முதலில் ஆர்டிஓ அலுவலக வேலையை ஆரம்பியுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.