வளைவை விடுங்கள், தொட்டியைப் பிடியுங்கள்

கேள்வி: கோவை கணபதியில் அப்பா 35 வருடமாகப் பம்ப் பட்டறை நடத்துகிறார். இரண்டு வருடமாக நானும் கூட இருக்கிறேன். வரும் ஆண்டில் மூன்று கண்காட்சிகளில் ஸ்டால் போடுகிறோம். கோவை கொடிசியா அரங்கில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சிக்கு 6-க்கு 3 மீட்டர். சென்னையிலும் புனேயிலும் 3-க்கு 3. ஸ்டால் கான்ட்ராக்டர் மூன்று விலை கொடுத்திருக்கிறார். அலுமினியக் கம்பமும் பலகையும் மட்டும் என்றால் ஒவ்வொரு முறையும் 85,000. முழுக்க மரவேலை என்றால் கோவைக்கு 3 லட்சம், மற்ற இரண்டுக்கும் தலா 1.75 லட்சம். இரண்டையும் கலந்து, முன்னால் மர வளைவும் வரவேற்பு மேசையும் வைத்து, ஒரே தடவையாக 3.4 லட்சம், அப்புறம் ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்கிப் பூட்ட 40,000. அப்பாவோ, "ஒரு மேசை, ரெண்டு சேர், பின்னால ஒரு பேனர் போதும். பம்புதான் பேசோணும், பலகை பேசக் கூடாது" என்கிறார். கண்ணாடி போன்ற தொட்டியில் பம்ப் ஓடிக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. எதை எடுப்பது? (வாசகி, கோவை)

பதில்: அம்மணி, உங்கள் அப்பா சொன்னதை ஒரு தாளில் எழுதி கான்ட்ராக்டரிடமே கொடுத்துவிடலாம். அவர் போட்ட மூன்று படத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆனால் பம்ப் பேச வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். மேசைமேல் பெயின்ட் அடித்து உட்கார வைத்த பம்ப் வாயே திறக்காது. ஆக ஆசை உங்களுடையது சரி, அடிப்படை அவருடையது சரி. மூன்றாவது விலையை எடுங்கள். ஆனால் அதில் இருக்கும் மரவேலையை வளைவில் செய்ய வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். முழு மரவேலைக்கு வருடம் 6.5 லட்சம், இரண்டு வருடத்துக்கு 13. பலகை மட்டும் என்றால் வருடம் 2.55, இரண்டு வருடத்துக்கு 5.1. கலப்பு முதல் வருடம் 4.6, இரண்டாம் வருடம் 1.2, ஆக 5.8. பலகைக்கும் கலப்புக்கும் நடுவே இரண்டு வருடத்தில் 70,000 ரூபாய்தான் வித்தியாசம். மூன்றாம் வருடம் கலப்புதான் மலிவு. 18% ஜி.எஸ்.டி. இதில் சேர்ந்ததா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு ஒரே ஒரு கேள்வியின்மேல் நிற்கிறது: பொருள் யாருடையது? மரவேலை ஸ்டால் என்றால் பெரும்பாலும் கான்ட்ராக்டர் கட்டுவார், கண்காட்சி முடிந்த இரவு அவரே பிரித்து எடுத்துப்போவார். நீங்கள் கொடுத்தது வாடகை. அடுத்த முறை அதே பலகைக்கு வேறு பெயின்ட் அடித்து வேறொருவருக்குக் கொடுத்திருப்பார். நீங்கள் முதலிலிருந்து முழுத்தொகை தர வேண்டும். 3.4 லட்சம் விலையா வாடகையா, எத்தனை கம்பம், எத்தனை பலகை, எத்தனை விளக்கு உங்களுக்குச் சொந்தம், அளவு போட்ட வரைபடம் உங்கள் கைக்கு வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் மூன்று மாதம் கழித்து, "அது நம்ம குடோன்லதாங்க இருக்குது" என்பார். இருக்கும்தான், யாருடைய பெயரில் என்பதுதான் கேள்வி.

இப்போது வளைவு. 6 மீட்டர் அகல ஸ்டாலுக்குப் படத்தில் அழகாகத்தான் இருக்கும். சென்னையில் உங்களுக்கு இடமே 3 மீட்டர். அந்த வளைவை அங்கே எப்படி நிறுத்துவீர்கள்? பாதியாக அறுத்தா? மூன்றில் ஒரு கண்காட்சிக்கு மட்டும் பொருந்தும் பொருளை மூன்றுக்கும் சேர்த்து உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

அலுமினியச் சட்டத்தின் உபகாரமே பிரித்துச் சேர்க்கலாம் என்பதுதான். ஆக்டானார்ம் என்று எல்லாரும் சொல்கிறோமே, அது ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர். பெயருக்கேற்ப எட்டுப் பக்கம் உள்ள கம்பம். பக்கத்துக்கொரு பள்ளம் இருக்கும். குறுக்குச் சட்டத்தை அதில் மாட்டி ஆலன் சாவியால் இறுக்கினால் முடிந்தது, ஆணி கிடையாது. பலகை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். ஆகவே 6 மீட்டர் பின்சுவர் 3 மீட்டராகச் சுருங்க அரைமணி நேரம் போதும். அந்தச் சட்டத்தில் வராததை மட்டும் மரத்திலோ இரும்பிலோ செய்யுங்கள். அதுவும் ஒரு மீட்டருக்கு மிஞ்சாத துண்டுகளாக. வரவேற்பு மேசையைக்கூட அந்த அளவில் இரண்டாகச் செய்தால் கோவையில் இரண்டையும் போடலாம், சென்னைக்கு ஒன்று போதும்.

வளைவுக்கு வைத்த பணத்தைத் தொட்டிக்கு மாற்றுங்கள். ஏன் என்று சொல்கிறேன். அக்ரி இன்டெக்ஸுக்கு வருகிறவர் யார்? பல்லடம், தாராபுரம், பொங்கலூர், கிணத்துக்கடவுத் தோட்டக்காரர்கள். ஆயிரம் அடி போர் போட்டுக் கைசுட்டவர்கள். மோட்டார், பம்ப் விற்கும் ஊரில் பம்ப் ஸ்டால் என்பது அவர்களுக்கு அதிசயமே இல்லை; பக்கத்து ஸ்டாலிலும் பம்ப், எதிர் ஸ்டாலிலும் பம்ப். வளைவைப் பார்த்து ஒருவரும் நிற்க மாட்டார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் நிற்பார். நின்றதும் என்ன செய்வார் தெரியுமா? பைப் வாயில் உள்ளங்கையை வைத்துப் பொத்திப் பார்ப்பார். அழுத்தம் கையில் தெரிந்த பிறகுதான், "இது எத்தனை எச்.பி.ங்க?" என்ற கேள்வியே வரும். அந்தக் கை போய்ச் சேருகிற இடம்தான் உங்கள் ஸ்டாலின் முகப்பு. மற்றதெல்லாம் பின்னால் நிற்கிற சுவர்.

ஆகவே தொட்டியைப் பாதைப் பக்கம், இடுப்புயர மேசையில் வையுங்கள். பைப் வாய் வெளியாள் கைக்கு எட்ட வேண்டும். ஒரு கேட் வால்வும் போடுங்கள், திருகிப் பார்க்காமல் போக மாட்டார்கள். இதை அலுமினியச் சட்டத்தில் செய்யவே கூடாது. மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத் தொட்டியில் 40 சென்டிமீட்டர் தண்ணீர் விட்டால் 200 லிட்டர். அதாவது 200 கிலோ. அக்ரிலிக், பம்ப், பைப் எல்லாம் அதற்குமேல். இரும்புச் சதுரக்குழாயில் வெல்டிங் செய்த மேசைதான் தாங்கும். அதை உங்கள் பட்டறையிலேயே செய்துகொள்ளலாமே! கான்ட்ராக்டர் தொட்டியையும் மேசையைப் போர்த்தும் பலகையையும் மட்டும் செய்யட்டும். கை வைக்கிறவர் சட்டை நனையாமல் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே திரும்ப ஒரு தடுப்பும், சிந்துவதைப் பிடிக்க மேசையைச் சுற்றி ஒரு வாய்க்காலும் வேண்டும். கீழே ஈரமான கார்ப்பெட்டைவிட அசிங்கமான விளம்பரம் இல்லை.

கரன்ட் விஷயத்தில் அசட்டை வேண்டாம். ஏற்பாட்டாளர் தரும் ஸ்டாலில் வழக்கமாக ஒரு 5 ஆம்பியர் பிளக்கும் இரண்டு மூன்று விளக்கும்தான் இருக்கும். ஒரு எச்.பி. என்பது 746 வாட், அதுவும் மோட்டார் வெளியே தருவது. உள்ளே இழுப்பது கூடுதல், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கண்காட்சி அவசரத்தில் பம்ப் செய்கிறவர்களே இதை மறந்துவிட்டு அங்கே வந்து முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். இடம் பதியும்போதே எத்தனை கிலோவாட் என்று எழுதிக் கொடுங்கள். தண்ணீரில் கை வைப்பவர் அருகே குழந்தையும் நிற்கும். எர்த்தும், கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யும் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓட்டக் கூடாது.

கலப்பு ஸ்டாலில் வேலை கெடுவது சேருமிடத்தில்தான். என் கதையைச் சொல்கிறேன். நூற்பாலை உதிரிபாகம் விற்ற காலத்தில் 3-க்கு 3 ஸ்டாலுக்குப் பின்சுவராக மரத்தில் ஒரு பலகை செய்யச் சொன்னேன், மிகச்சரியாக 3 மீட்டர். இரவு எட்டு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் உள்ளே போகவில்லை. கம்பத்தின் குறுக்களவு 4 சென்டிமீட்டர் என்பது எனக்குத் தெரியாது. வெளியளவு 3 மீட்டர் என்றால், இரண்டு பக்கமும் கம்பம் தின்றதுபோக உள்ளே எப்படி 3 மீட்டர் கிடைக்கும்? பதினொரு மணிக்கு ஒரு ஆசாரியைப் பிடித்து ஓரத்தை அறுத்தோம். அறுத்த இடத்தில் பிளைவுட் பல்லை இளித்தது. மூன்று நாளும் அந்த ஓரத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி நின்றது. வந்தவர்கள் எல்லாம் செடி நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அதனால் மரத்தையும் அலுமினியத்தையும் ஒட்ட வைத்து ஒரே சுவராகக் காட்ட ஆசைப்படாதீர்கள். ஏற்பாட்டாளர் பலகையின் வெள்ளை ஒரு வெள்ளை, பெயின்டின் வெள்ளை இன்னொரு வெள்ளை. பக்கத்தில் நின்றால் ஒன்று அழுக்காகத் தெரியும். மரவேலையை ஒரு சாண் முன்னால் தள்ளி, வேறு நிறத்தில் நிறுத்துங்கள். இடைவெளி நிழலாக விழுந்து, வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கும். விளக்கும் அப்படித்தான். ஒன்று மஞ்சள், ஒன்று நீலவெள்ளை என்றிருந்தால் எவர்சில்வர் பம்ப்கூட இரண்டு நிறத்தில் தெரியும். எல்லா விளக்கும் ஒரே நிறமாக, 4000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள்.

பின்சுவருக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம், விளக்கு பட்டால் பளபளக்கும், மடித்தால் கோடு விழும். அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் செருகுகிற துணியில் அச்சடியுங்கள். துணியின் ஓரத்தில் சிலிக்கான் பட்டை தைத்து, சட்டத்தைவிட ஒரு பொட்டு சிறியதாக வெட்டினால் முரசுத் தோல்போல இழுத்து நிற்கும். அச்சுக்குத் திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. பாலியெஸ்டர் துணியாக இருக்கட்டும், சூட்டில் துணிக்குள் ஏறுகிற சப்ளிமேஷன் மை பருத்தியில் பிடிக்காது. 3 மீட்டர் துண்டு இரண்டாக அடியுங்கள். கம்பெனி பெயரும் படமும் இருக்கும் துண்டு எல்லா ஊருக்கும் போகும், மற்றது கோவைக்கு மட்டும். புனேக்கு இந்தியில், மராத்தியில் அடித்த துண்டு தனியாக ஒன்று வேண்டும். மடித்தால் ஒரு பையில் அடங்கிவிடும்.

ஏற்றுகூலியை யாரும் முதலில் நினைப்பதில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான். எல்லாம் சேர்ந்து ஒரு குட்டியானையில் அடங்க வேண்டும் என்று கான்ட்ராக்டரிடம் நிபந்தனையாகவே சொல்லுங்கள். தொட்டி மேசைக்குப் பூட்டுச் சக்கரம் வேண்டும். அக்ரிலிக்குக்குப் பஞ்சு வைத்த பெட்டி வேண்டும். பம்போடு சேர்த்து ஏற்றினால் புனே போய்ச் சேர்வதற்குள் கீறல் விழுந்து கண்புரை வந்த மாதிரி ஆகிவிடும். 40,000 ரூபாய் புனேக்கும் சேர்த்துத்தானா? கோவைக்குள் கொடிசியா போகிற தூரமும் அதுவும் ஒன்றா? இங்கே அவர் எங்கோ நழுவுகிறார் என்று நினைக்கிறேன்.

ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியது சொற்பம். சென்னையிலும் புனேயிலும் தடுப்புப் பலகையோடு வரும் ஸ்டாலையே எடுங்கள். சுவருக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று, அதன்முன் உங்கள் துணியும் தொட்டியும் போதும். அவர்கள் பலகையில் ஆணி அடித்தால் அபராதம் போடுவார்கள். கோவையில் வெறும் தரை வாங்கி உங்கள் சட்டத்தைப் போடலாம். ஆனால் 18 சதுர மீட்டருக்கு வெறும் தரை தருவார்களா என்பது கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும், சில இடங்களில் 36-க்குக் குறைந்தால் தர மாட்டார்கள். தரை மட்டும் எடுத்தால் வரைபடத்துக்கு முன்அனுமதி வாங்கவும், சுவரின் முதுகு பக்கத்து ஸ்டாலுக்குத் தெரிந்தால் அதற்கும் பெயின்ட் அடிக்கவும் வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு ஒன்று செய்யுங்கள். கோவை ஸ்டாலில் உள்பக்க மூலையில் அவர் கேட்ட மேசையையும் இரண்டு சேரையும் அப்படியே போடுங்கள். தொட்டியில் கை நனைத்தவர் அடுத்து உட்காரப் போவது அங்கேதான். போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில், தோட்டத்தில் கரன்ட் வோல்டேஜ் எவ்வளவு என்று அப்பா கேட்கிற கேள்விகளை நீங்களோ நானோ கேட்க முடியாது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்க வைத்தால் அரைமணியில் கிளம்பிவிடுவார்.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்னால் உங்கள் பட்டறைக் கொட்டகையில் முழு ஸ்டாலையும் ஒருமுறை பூட்டச் சொல்லுங்கள். முதலில் 3 மீட்டராக, பிறகு 6 மீட்டராக. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சாயங்காலம் பம்பை இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, தண்ணீரோடு அப்படியே விட்டுப் பூட்டிப் போங்கள். காலையில் டீ குடிக்கும் முன் போய் மேசைக்கு அடியில் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் கான்ட்ராக்டருக்கு அங்கிருந்தே போன் போடுங்கள். பாக்கிப் பணம் அதுவரைக்கும் உங்களிடமே இருக்கட்டும்.