நித்தியகல்யாணிக் கஷாயம் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மற்ற மருந்துகளோடு வின்கிறிஸ்டீனும் ஏற்றுகிறார்கள். அது நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பதாமே? வாசலிலேயே செடி இருக்கிறது, கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா? இப்போதெல்லாம் சட்டைப் பொத்தான் போடவே தடுமாறுகிறார். – வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கஷாயம் வேண்டவே வேண்டாம். பொத்தான் விஷயத்தை அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நான் புதுச்சேரியில் செல் பிரிவை ஆராய்பவன், மருத்துவன் அல்ல. காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரு செல் இரண்டாகும்போது 46 குரோமோசோம்களின் இரட்டைப் பிரதிகளையும் இரு பக்கமாக இழுக்க வடம் வேண்டும். டியூபுலின் என்ற புரத மணிகளைக் கோத்து செல்லே அந்த வடத்தைத் திரித்துக்கொள்கிறது; தடிமன் 25 நானோமீட்டர்தான். வின்கிறிஸ்டீன் மணிகளைப் பிடித்துக்கொண்டு கோக்க விடாது. நுண்ணோக்கியில் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்: குரோமோசோம்கள் தடித்துத் தயாராக நிற்கும், ஆனால் வரிசைக்கு வராது. எல்லாவற்றிலும் வடம் மாட்டும்வரை செல் பிரியாது. காத்திருந்தே பல செல்கள் சாகும்.

நுண்குழல் எனப்படும் இதே வடங்கள்தான் நரம்புக்குள் சரக்குப் பாதை. நீளமான நரம்பு முதலில் அடிவாங்கும். கால் விரல், கை விரல் மரத்துப்போவது அதனால்தான். மலச்சிக்கலும் வரும்; வெட்கப்படாமல் அதையும் சொல்லச் சொல்லுங்கள்.

செடிக்கு வருவோம். சர்க்கரைக்கு நல்லது என்று ஜமைக்காவில் குடித்த இலையை 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணுக்கள்தான் சரிந்தன. அதைத் துருவியபோது கிடைத்தது வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. வின்கிறிஸ்டீன் அதன் தம்பி. உங்கள் அப்பாவுக்கு சிகிச்சையாலேயே வெள்ளையணு குறையலாம். அதன்மேல் கஷாயமா? பெரியவர்களுக்கு ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாத மருந்து இது. இலையிலோ எந்த ஆல்கலாய்டு (இந்த மருந்துகளைப் போல செடியே உண்டாக்கும் வீரியமான வேதிப்பொருள்) எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆடுகூட வாய் வைக்காத செடி!

அப்புறம், பூஞ்சைத் தொற்றுக்கு இட்ராகோனசோல் போன்ற மாத்திரையை யாராவது எழுதிக் கொடுத்தால், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். வின்கிறிஸ்டீன் உடம்பை விட்டுப் போவதை அது தாமதப்படுத்தும். செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. பூவை சாமிக்கு வையுங்கள்.