சிகாகோ ஃபுட்வொர்க்: கால்கள் கேட்டு வாங்கிய இசை

சிகாகோவின் தென்பகுதியில் ஏழு ஆண்டுகள் குடியிருந்தபோது நெருக்கமாகப் பார்த்துப் பழகிய நடனம் ஃபுட்வொர்க்; கால்களின் விரைந்த அசைவுதான் அதன் உயிர். அதைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஃபுட்வொர்க் என்பது நடனத்தின் பெயரா, இசையின் பெயரா? (மதுரை)

இரண்டுக்கும் அதே பெயர்தான். ஆனால் நடனம் மூத்தது, இசை இளையது. இந்த வரிசையை மட்டும் மறந்துவிடாதீர்கள். மற்றப் பல நடன மோகங்களில் முதலில் ஒரு பாட்டு வரும். அதற்கு ஏற்ற ஆட்டம் பின்னால் வரும். இங்கே ஆடியவர்கள் தங்கள் கால்களுக்குப் போதவில்லை என்று இசையை மாற்றச் சொன்னார்கள், இசை மாறியது.

யார் தொடங்கியது? எந்த ஆண்டு? (சேலம்)

ஒருவரைக் கைகாட்டிவிட முடியாது. அதன் வேர், ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையில் இருக்கிறது. 1977-இல் சிகாகோவில் திறக்கப்பட்ட வேர்ஹவுஸ் என்ற கேளிக்கைக் கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளை இயக்கினார். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்துதான் ஹவுஸ் என்ற இசைப் பெயரே பிறந்தது என்பார்கள். 1985-இல் ஹவுஸ்-ஓ-மேட்டிக்ஸ் என்ற நடனக் குழு உருவானது. நகரின் தெற்கிலும் மேற்கிலும் கறுப்பின இளைஞர்கள் வாழ்ந்த பகுதிகளில் இத்தகைய குழுக்கள் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் சறுக்கு விளையாட்டு அரங்குகளிலும் ஒன்றோடொன்று மோதிப் பார்த்தன.

தொண்ணூறுகளில் டான்ஸ் மேனியா என்ற இசைத்தட்டு நிறுவனம் கெட்டோ ஹவுஸ் என்னும் இறுக்கமான, வேகமான வகையை வெளியிட்டது. டி.ஜே. டியான், டி.ஜே. ஃபங்க் போன்றவர்களின் தட்டுகள் அவை. ஆடுகிறவர்கள் இன்னும் வேகம் கேட்டார்கள். நிமிடத்துக்கு 120 துடிப்பை ஒட்டியிருந்த இசை படிப்படியாக ஏறி 160-இல் வந்து நின்றது. 1997-இல் ஆர்.பி. பூ என்ற இசைக் கலைஞர் உருவாக்கிய ‘பேபி கம் ஆன்’ என்ற இசைத் தடத்தைத்தான் முதல் ஃபுட்வொர்க் தடம் என்று பலரும் சொல்கிறார்கள்.

நிமிடத்துக்கு 160 துடிப்பு என்றால் மனிதக் கால் எப்படி ஈடுகொடுக்கும்? நான் மிருதங்கம் கற்கிறேன், எனக்குப் புரியும்படி சொல்லுங்கள். (தஞ்சாவூர்)

சிறு வயதில் நானும் மிருதங்கம் கற்றவன் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது மகிழ்ச்சி.

நிமிடத்துக்கு 80 என்ற அளவில் கையில் தாளம் போடுங்கள். நிதானமான நடைதான். அடிவயிற்றை அதிரவைக்கும் கனத்த பாஸ் ஒலி பெரும்பாலும் இந்த நிதானத்தில்தான் விழும். இது உங்களுக்கு முதற்காலம். 160 என்பது இரண்டாங்காலம். கைதட்டல் ஒலிகளும் குரல் துணுக்குகளும் அங்கே ஓடுகின்றன. மேலே சிலம்பும் சிம்பல் ஒலி இன்னும் ஒரு மடங்கு ஏறி மூன்றாங்காலத்துக்குப் போகும். போதாததற்கு நடுவே திடீரென்று திஸ்ரம் நுழையும்: நான்கு நான்காக வந்துகொண்டிருந்த டிரம் அடிகள் மூன்று மூன்றாகப் பிரிந்து உருளும். இத்தனையும் ஒரே நேரத்தில்.

ஆடுபவர் எல்லாவற்றையும் துரத்துவதில்லை. எந்தக் காலத்தில் நிற்பது, எப்போது அடுத்ததற்குத் தாவுவது என்று அவரே தேர்ந்தெடுக்கிறார். எட்டு துடிப்புக்குப் பாஸோடு சாவகாசமாகச் சறுக்குவார். பிறகு நாலே துடிப்புக்குள் கால்கள் சிம்பலைப் பிடித்துவிடும். பார்ப்பவர்களை ஆர்ப்பரிக்க வைப்பது அந்தத் தாவல்தான். வெறும் வேகத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பில்லை.

ஜூக் வேறு, ஃபுட்வொர்க் வேறா? (கொழும்பு)

அண்ணன் தம்பி. ஜூக்கும் சிகாகோவின் வேகமான நடன இசைதான். அது விருந்துக்கு ஏற்றது, கூட்டமாக ஆடலாம். ஃபுட்வொர்க் போட்டிக்கு உரியது. அதில் சீரான அடியை உடைத்து, இடைவெளி விட்டு அமைத்திருப்பார்கள்.

நேரில் பார்த்ததைச் சொல்லுங்களேன். (புதுச்சேரி, திருநெல்வேலி, கோலாலம்பூர்)

பட் பில்லிகன் ஊர்வலம் என்று ஒன்று உண்டு. 1929 முதல் சிகாகோவின் தென்பகுதியில் ஆகஸ்ட் மாதத்தில், பள்ளி திறப்பதற்கு முன்னால், கறுப்பின மக்கள் நடத்தும் பெருவிழா. இசைக்குழுக்களோடு நடனக் குழுக்களும் தார்ச்சாலையில் ஆடிக்கொண்டே போகும். நாற்காலியும் குளிர்பெட்டியுமாகக் குடும்பங்கள் விடியற்காலையிலேயே ஓரத்தில் இடம் பிடித்திருக்கும்.

நான் பார்த்த ஆண்டில் ஊர்வலம் சற்று நின்ற இடத்தில் ஒரு வட்டம் கூடியது. பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு சிறுவன் உள்ளே வந்தான். இடது கையில் பாதி குடித்த தண்ணீர்ப் பாட்டில். அதைக் கீழே வைக்காமலேயே ஆடத் தொடங்கினான். நான் அந்தப் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே கால்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பிரிகின்றன, குதிகால் தரையைத் தொட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. பாட்டிலுக்குள் தண்ணீர் மட்டும் லேசாக அலைகிறது. தோளும் தலையும் ஏறத்தாழ அசைவற்று இருந்தன. முப்பது வினாடிகூட ஆகியிருக்காது. ஆடி முடித்ததும் எதிரே நின்ற பெரிய பையனைப் பார்த்து, ‘இப்போது நீ’ என்பதுபோல் முகவாயை உயர்த்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

வட்டமே இந்த நடனத்துக்கு மேடை. மேடையில் ஆடினால் பார்வையாளர் தூரத்தில் இருப்பார். வட்டத்தில் உங்களை வெல்ல வந்தவர் மூன்றடி தள்ளி நிற்கிறார், உங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு.

ஒரே சொல்லை ஐம்பது தடவை திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறார்கள். என் மகன் கேட்கிறான், எனக்குத் தலை வலிக்கிறது. இதை இசை என்று எப்படி ஏற்பது? (கும்பகோணம்)

ஐயா, உங்கள் சிரமம் புரிகிறது. முதன்முறை கேட்டபோது எனக்கும் ஏதோ பாதியில் விட்டதுபோல்தான் இருந்தது. உண்மையிலேயே அது பாதிதான். மீதிப் பாதியைக் கால்கள் நிரப்புகின்றன. நடனம் இல்லாமல் கேட்பது, ஆடுபவரைப் பார்க்காமல் நட்டுவாங்கத்தின் தாளக் கட்டையை மட்டும் கேட்பதற்குச் சமம்.

அந்தத் திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கும் வேலை இருக்கிறது. பல தடங்களில் அது எதிராளியைச் சீண்டும் குரல். ஆர்.பி. பூவின் தடங்களில் அவரே பேசுவார். வட்டத்துக்குள் நிற்பவனை உசுப்பிவிடும் பேச்சு. அவர் ஹவுஸ்-ஓ-மேட்டிக்ஸ் குழுவில் ஆடியவர், அவர்களுக்காக இசைத்தட்டு இயக்கியவர். எந்த இடத்தில் ஒலியை நிறுத்தினால் கால் பேசும் என்று ஆடிய உடம்புக்குத்தான் தெரியும். ரோலண்ட் ஆர்-70 என்ற டிரம் மெஷினை வைத்துக்கொண்டு அவர் இதைச் செய்தார். மகனோடு உட்கார்ந்து ஒரு போட்டியின் காணொளியை ஒருமுறை பாருங்கள். அதன் பிறகும் தலை வலித்தால் உங்கள் பக்கமே நியாயம்.

சிகாகோவை விட்டு எப்படி வெளியே பரவியது? (பெங்களூரு, யாழ்ப்பாணம்)

நடனம் முதலில் காட்சியாகப் போனது. டூட் ’என் நெம் குழுவின் ‘வாட்ச் மை ஃபீட்’ பாடலின் காணொளி 2007-இல் பலருக்கு இந்தக் கால் அசைவுகளை அறிமுகம் செய்தது. இசை வேறு வழியில் போனது. பிரிட்டனின் பிளானெட் மியூ நிறுவனம் 2010-இல் ‘பேங்ஸ் அண்ட் வொர்க்ஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. சிகாகோவின் வீடுகளில் உருவாகி, குறுந்தகடுகளிலும் இணையத்திலும் கைமாறிக்கொண்டிருந்த தடங்கள் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தன. அதே ஆண்டு அடிசன் குரோவ் என்ற பிரிட்டன் கலைஞரின் ‘ஃபுட்கிராப்’ தடம் அங்கே பெரும் வரவேற்பைப் பெற்றது. பிரிட்டனின் ஜங்கிள் என்ற மின்னணு நடன இசையும் ஏறத்தாழ இதே வேகத்தில் ஓடுவதால் இரண்டும் எளிதாகக் கலந்தன. ஜப்பானில் ஒசாகாவின் டி.ஜே. ஃபுல்டோனோ போன்றவர்கள் தங்களுக்கென்று ஒரு வகையையே வளர்த்தார்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. கடல் கடந்தபோது பல இடங்களில் இசை மட்டும் போய்ச் சேர்ந்தது, நடனம் பின்தங்கிவிட்டது. விமர்சகர்கள் ‘விசித்திரமான எதிர்கால இசை’ என்று வியந்தார்கள். விசித்திரமாக ஒலித்ததன் காரணமான கால்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அதிகம். ஜப்பானில் இசையோடு ஆட்டத்தையும் கற்றுக்கொண்டார்கள், அதற்காகவே அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. சிகாகோவில் 2014-இல் தொடங்கிய தி எரா என்ற குழு ஆடுபவர்களை முன்னிறுத்தி மேடையேறுகிறது, பிள்ளைகளுக்கும் கற்றுத்தருகிறது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? (ஈரோடு)

டி.ஜே. ரஷாத்தின் ‘டபுள் கப்’, 2013. அவரும் ஆடியவர்தான்; பள்ளி நாள் நண்பர் டி.ஜே. ஸ்பின்னுடன் சேர்ந்து டெக்லைஃப் என்ற ஃபுட்வொர்க் கலைஞர் கூட்டணியைக் கட்டியவர். அந்தத் தொகுப்பில் ‘சோல்’ என்ற அமெரிக்கக் கறுப்பின இசையின் இதமும் போட்டியின் கடுமையும் ஒன்றாக இருக்கும். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று, 34 வயதில் இறந்துபோனார். இன்றுவரை என்னால் அந்தத் தொகுப்பை வேறு வேலை பார்த்துக்கொண்டு கேட்க முடிவதில்லை. பிறகு ஆர்.பி. பூவின் ‘லெகசி’, அதுவும் 2013 தான்.

இதில் பெண்கள் இல்லையா? (கோவை)

இருக்கிறார்கள், வட்டத்திலும் இசையிலும். ஜேலின் என்ற இசையமைப்பாளரின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிகாகோவை அடுத்துள்ள இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் எஃகு ஆலையில் வேலை பார்த்தபடியே இசை அமைத்தவர். முதல் தொகுப்பு 2015-இல் வந்தது. 2017-இல் பிரிட்டன் நடன அமைப்பாளர் வேய்ன் மெக்ரெகரின் நவீன நடனப் படைப்புக்கு இசையமைத்தார். தாளவாத்தியக் குழு ஒன்றுக்காக அவர் எழுதிய ‘பெர்ஸ்பெக்டிவ்’ 2023-இல் இசைக்கான புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

வீட்டிலேயே கற்க முடியுமா? வயது 31. (திருச்சி)

முடியும். முதல் மாதம் 160-ஐத் தொடாதீர்கள். 80-இல், பாஸ் ஒலியோடு மட்டும் ஆடுங்கள். எடை விரல்மேட்டில் இருக்கட்டும், முழங்கால் இளகியிருக்கட்டும், தோளை இறுக்காதீர்கள். இரண்டு அசைவு பிசகாமல் வந்த பிறகு மூன்றாவதற்குப் போங்கள். மொட்டை மாடியின் சொரசொரப்பான தளம் வேண்டாம். காலணி பிடித்துக்கொள்ளும், முழங்கால் திருகிவிடும். வழவழப்பான சிமெண்ட் தரையும் அடிப்பாகம் தேய்ந்த பழைய கேன்வாஸ் ஷூவும் போதும்.